புதுத் துளை போடாதவர்

நான் அறிந்தவரையில் வடமராட்சியில் பழைய ஜீப் வைத்திருந்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் அதைக் கராச்சில் விட்டுவிட்டுக் கராச்காரனைத் திட்டுவார்கள். மற்ற வகையினர் தாங்களே திருத்தப் புறப்பட்டு, வீட்டில் உள்ளவர்களைத் திட்டுவார்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்த மனிதர் இரண்டிலும் சேராதவர். தானே திருத்தினார். ஒருவரையும் திட்டவில்லை. கழற்றிய எதையும் எறியவுமில்லை. எல்லாவற்றையும் விட, அந்த ஜீப்பின் உடம்பில் அவர் ஒரு புதுத் துளைகூடப் போட்டதில்லை.

வாசிப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பழைய ஜீப்பை வசதிப்படுத்த நினைக்கும் எவனும் முதலில் கையில் எடுப்பது துளைபோடும் மெசினைத்தான். விளக்குப் பூட்டத் துளை, இடுப்புப் பட்டி பூட்டத் துளை, பாட்டுப் பெட்டி பூட்டப் பத்துத் துளை. ஐந்து வருடத்தில் அந்த வாகனம் இடியப்பத் தட்டு மாதிரி ஆகிவிடும். இவர் அப்படியல்ல. எந்தப் புதுச் சாமானைக் கொண்டுவந்தாலும், கொம்பனி போட்ட பழைய துளைகளிலேயே பூட்டுவார். துளைகள் ஒத்துவராவிட்டால் நடுவில் ஒரு இரும்புத் தகட்டை வைப்பார். ஒரு பக்கம் பழைய துளைக்கு, மறு பக்கம் புதுச் சாமானுக்கு. நெல்லியடி லேத்துக்காரன் அவருக்கு வெட்டிக் கொடுத்த தகடுகளை அடுக்கினால் ஒரு கிணற்றை மூடலாம்.

"கழற்றேலாத வேலை வேலையில்லை, ஏ.ஓ.," என்பார்.

ஏ.ஓ. என்பது நான். பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எந்த மூலையில் முத்திரை, எவர் கையொப்பம் முதலில், எவர் பிறகு என்பதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஓய்வுபெற்ற அடுத்த நாளிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே பின்னேரங்களில் அவருடைய கொட்டிலுக்குப் போய், ஒரு பழைய ரயரின் மேல் குந்தியிருப்பது வழக்கமாகிவிட்டது. அவர் கண்ணை மூடி இப்போது இரண்டு மாரி கழிந்துவிட்டது. அந்த ரயர் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நான் போய் இருப்பதில்லை.

உத்தியோக காலத்தில் அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூட உதவியாளராக இருந்தார். அமிலப் போத்தல்களுக்குச் சிட்டை ஒட்டி ஒட்டிப் பழகிய கை. ஜீப்பில் கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் பூசி, பழைய சாரத் துண்டால் சுற்றி, பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, மேலே சிட்டை ஒட்டுவார். "முன் பிரேக். இடது. கழற்றும்போது வேலை செய்தது." எழுத்து ஒவ்வொன்றும் அச்சுப் போல இருக்கும்.

"அண்ணை, உதிலை ஒரு தொடரிலக்கமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. உத்தியோக முறைப்படி உந்தச் சிட்டை செல்லாது" என்று ஒருநாள் சொன்னேன்.

"தகரத்துக்குள்ளை கிடக்கிற சாமானுக்கு விளங்கினாக் காணும்" என்றார்.

கொட்டிலின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் அந்தத் தகரங்கள். ஜீப்பில் ஏறி இருந்தால், முன்சில்லுகளில் தட்டு பிரேக், இலகுவாகச் சுற்றும் ஸ்ரியரிங், இடுப்புப் பட்டி, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். இறங்கிச் சுவரைப் பார்த்தால் அதே ஜீப் இன்னொன்று தகரங்களுக்குள் பிரிந்து கிடக்கும். ஒரு ஜீப்பில் ஓடிக்கொண்டு மற்றொன்றைக் காவல் காத்த மனிதர் உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்க மாட்டார்.

தகரத்துக்குள் அடங்காதது எஞ்சின் ஒன்றுதான். பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, உடைப்புக்கு வந்த ஒரு வான் வண்டியிலிருந்து டீசல் எஞ்சின் எடுத்துப் பூட்டியிருந்தார். கழற்றிய பழையதைப் பனங்குற்றிகளின் மேல் இருத்தி, மேலே இரண்டு கூரைத் தகரம் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகுமுன் அந்த எஞ்சினிடம் போவார். பிளக் துளைகளில் ஒவ்வொரு துளி எண்ணெய் விட்டு, முன்னால் கம்பியைக் கொளுவி, கையால் இரண்டு சுற்று. இறுகிப்போய்விடக் கூடாதாம். பத்து வருடத்துக்கு மேல் ஒரு வெள்ளியும் தவறியதாக எனக்குத் தெரியாது.

"பாருங்கோ தம்பி," என்று அவருடைய மனைவி என்னிடம் முறையிடுவார். "மாரிக்கு எங்கடை குசினி ஒழுகுது. அந்த எஞ்சினுக்கு மாத்திரம் புதுத் தகரம்."

"குசினி நனைஞ்சாக் காயும். எஞ்சின் நனைஞ்சாத் துருப்பிடிக்கும்" என்று உள்ளேயிருந்து அவருடைய குரல் வரும்.

"நானும்தான் நனையிறன். எனக்குத் துருப்பிடிக்காதோ?"

அடுத்த நாள் குசினிக் கூரையில் அவர் ஏறியிருப்பதைக் காணலாம். அங்கேயும் ஆணி அடிக்க மாட்டார். கம்பியால் வரிந்து கட்டுவார்.

அந்த ஜீப் அவருடையதல்ல என்று எனக்குத் தெரியவந்தது மணற்காட்டில். புதிதாக எதைப் பூட்டினாலும் மணல் மேடுகளில் ஓடிப் பார்ப்பது அவருடைய பழக்கம். ஸ்ரியரிங் மாற்றிய மாதம், என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு மேடுகளை வீரத்தோடு கடந்தோம். மூன்றாவதில் நான்கு சில்லுகளும் அச்சுவரை இறங்கிவிட்டன. ரயர்க் காற்றை இறக்கிப் பார்த்தார். பனை ஓலை வெட்டி அடியில் செருகிப் பார்த்தார். ஜீப் இன்னும் கொஞ்சம் இறங்கியது. சவுக்க மரங்களுக்கு அந்தப் பக்கம் வலை பொத்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் கயிற்றோடு வந்தார்கள்.

"ஐயா, எங்கை கொளுவுறது? கொளுக்கி ஒண்டையும் காணேல்லை" என்றார் அவர்களில் மூத்தவர்.

"கொளுக்கி இல்லை. அது பூட்ட நாலு துளை போட வேணும்."

"அப்ப துளையைப் போட்டிட்டெல்லோ மணலுக்கு வந்திருக்க வேணும்? வள்ளத்தைக் கடலிலை இறக்கிப்போட்டுத் துடுப்புச் செய்வினமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் மணலில் முழந்தாளிட்டு, கயிற்றின் நுனியைத் தானே வாங்கிப் பின் அச்சில் கட்டினார். "மெதுவா இழுங்கோ. உடம்பிலை கயிறு முட்ட வேண்டாம். இது மற்ற ஆளின்ரை சாமான்."

திரும்பி வரும் வழியில் கேட்டேன். யாருடையது?

அவரோடு படித்த நண்பருடையது. நண்பருக்கு வன்னியில் வயல் இருந்தது. வயலுக்குப் போய்வர வாங்கிய ஜீப். பிறகு, அந்தக் காலத்தில் பலர் போனது போல, ஒரு விடியற்காலையில் அந்த நண்பரும் குடும்பத்தோடு கனடாவுக்குப் புறப்பட்டார். கொழும்பு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சாவியையும் ஒரு கடித உறையையும் இவருடைய கையில் வைத்துவிட்டு ஏறினார். ஒன்றும் கதைக்கவில்லை. இவரும் ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது.

"உறைக்குள்ளை என்ன?"

"பேப்பர்கள்" என்றார்.

பேப்பர்கள் என்ற சொல்லைக் கேட்டபிறகு நான் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளக்கூடியவனா? எஞ்சின் மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும், அதற்கு உரிமையாளரின் கையொப்பம் வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் ஓட்டுவது சட்டப்படி இல்லாத ஒரு வாகனம் என்று விளங்கப்படுத்தினேன்.

"ஏன் இல்லை? புத்தகத்திலை எழுதிக் கிடக்கிற எஞ்சின் வீட்டிலைதானே இருக்குது?" என்றார்.

கடைசியில் உறையைக் கொண்டுவந்து தந்தார். பதிவுப் புத்தகம் இருந்தது. அதன் நடுவே, நான்காக மடித்தபடி, உரிமை மாற்றப் படிவம். விற்பவருடைய இடத்தில் நண்பரின் கையொப்பம். வாங்குபவருடைய இடம் வெறுமை. திகதியும் இல்லை. இந்த நாட்டில் வாகனங்கள் கைமாறுவது பெரும்பாலும் இப்படித்தான். சட்டத்தில் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. நாட்டில் இதைத் தவிர வேறு வழக்கம் கிடையாது.

"அண்ணை, உங்கடை பேரையும் திகதியையும் எழுதினா ஜீப் உங்கடை. அவர் அண்டைக்கே தந்திட்டார்."

"அவன் நம்பித் தந்தவன். ஒரு அவசரத்துக்கு உதவும் எண்டு தந்தது. நிரப்பச் சொல்லித் தரேல்லை."

"நிரப்பாமல் வைச்சிருக்க ஒருத்தனும் படிவத்திலை கையெழுத்து வைக்க மாட்டான்."

"நீர் கந்தோரிலை இருந்த ஆள். உமக்குக் கையெழுத்துத்தான் தெரியும். எனக்கு அவனைத் தெரியும்."

படிவத்தை அதே மடிப்பில் மடித்து உறைக்குள் வைத்தார். முப்பத்தைந்து வருடம் படிவங்களோடு வாழ்ந்த எனக்கு, நிரப்பப்படாத ஒரு படிவத்தை விட்டுவிட்டு எழுந்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று மற்றவர்களுக்கு விளங்காது. இரண்டு கிழமை நான் அந்தக் கொட்டில் பக்கம் போகவில்லை. மூன்றாம் கிழமை போனேன். இருக்க வேறு இடம் இல்லை.

ஒரு வருடம் ஆனி மாதத்தில் கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. நானும் அருகில் இருந்தேன். "மச்சான், இந்தமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு வாறன். ஜீப் கிடக்குதோ?"

"கிடக்குது."

"வந்து ஒருக்கா ஓடிப் பாக்க வேணும்."

பேசி முடித்ததும் அவர் ஜீப்பைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார். "ஏ.ஓ., உந்தத் தகரங்களை எடும். அவன் விட்டிட்டுப் போன மாதிரிக் குடுக்க வேணும்."

ஆறு கிழமை வேலை. நான் சிட்டைகளை வாசித்துத் தகரங்களை எடுத்துக் கொடுத்தேன். கழற்றியதும் பூட்டியதும் அவர். தட்டு பிரேக் போய்ப் பழைய பிரேக் வந்தது. நல்ல வெளிச்சம் போய் மஞ்சள் வெளிச்சம் வந்தது. இடைத்தகடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் பொறுக்கமாட்டாமல், "அண்ணை, ஸ்ரியரிங்கை விடுங்கோ. அவருக்கும் வயது போட்டுது, லேசாய் இருக்கும்" என்றேன். அவருடைய கை ஒரு கணம் நின்றது. பிறகு சுற்றியது.

"அவர் கொண்டுபோனா நீங்கள் என்ன செய்யப்போறியள்?"

"கொட்டிலைக் கூட்டுவன்."

எஞ்சின்தான் கடைசி. சங்கிலிக் கப்பியில் டீசல் எஞ்சினை இறக்கி, பனங்குற்றியில் இருந்த பழையதைத் தூக்கி உள்ளே வைத்தார். மனைவி குசினி வாசலில் கை பிசைந்துகொண்டு நின்றார். முதல் தரம் சத்தமே இல்லை. இரண்டாம் தரம் ஒரு இருமல். மூன்றாம் தரம் கொட்டில் முழுவதும் நீலப் புகை நிறைந்து, அதற்குள்ளிருந்து எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமைகள் வீண்போகவில்லை. அவர் புகைக்குள் நின்று கண்ணைத் துடைத்தார். புகையினால்தான் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

நண்பர் வந்தார். பருத்த உடம்பு, வெள்ளைச் சப்பாத்து, முழங்காலில் ஒரு இறுக்குப் பட்டி, ஒழுங்கை முழுவதும் கேட்கும் சிரிப்பு. ஜீப்பில் ஏறித் தனியாக ஓட்டிக்கொண்டு போனார். நெல்லியடிச் சந்திவரை போய்த் திரும்பியபோது சட்டை முழுக்க வியர்வை. இறங்கித் தோள்களைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்பிடியே கிடக்குதடா மச்சான்! ஸ்ரியரிங் மாடு மாதிரி இழுக்குது, பிரேக் பிடிச்சா அடுத்த ஊரிலைதான் நிக்குது. நீ இவ்வளவு காலத்துக்கு ஒண்டுமே செய்யேல்லைப் போல!"

நான் வாயைத் திறந்தேன். எங்கள் மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன். அவருடைய முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் முன்பும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. சாவியைச் சாரத்தில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். கடித உறையும் சேர்ந்து இருந்தது.

"இந்தா. உன்ரை சாமான். ஒண்டும் கூடேல்லை, ஒண்டும் குறையேல்லை."

நண்பர் கையை நீட்டவில்லை.

"எனக்கேன் தாறாய்? அண்டைக்குச் சைன் வைச்சுத் தந்திட்டெல்லோ போனனான்?"

"ஓம். பத்திரமாய் வைச்சிருக்கிறன்."

"பத்திரமாயோ? நீ இன்னும் உன்ரை பேருக்கு மாத்தேல்லையோ? விசரே உனக்கு! நான் திரும்பி வந்து கேக்கிறதெண்டா ஏன் அதிலை சைன் வைக்கிறன்?"

"ஒண்டும் சொல்லேல்லையே நீ."

"சைன் வைச்ச பிறகு என்னத்தைச் சொல்லுறது? உனக்கெண்டு தந்தது. சொன்னா நீ வாங்க மாட்டாய் எண்டுதானே சொல்லாமத் தந்தனான்."

குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவி முதலில் சிரித்தார். பிறகு கணவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். மனிதர் நான் வழக்கமாக இருக்கும் ரயரின் மேல் போய் இருந்தார். "அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரின்ரை ஜீப்பை வைச்சிருந்தனான்?" என்று கேட்டார். நண்பரைப் பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்தும் அல்ல.

சட்டப்படி நான் அன்றைக்கே சொன்னதுதான் சரி. அது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று எழுதினால் பொய்யாகும். கொஞ்சம் தந்தது. அந்தக் கொஞ்சமும் அவருடைய முகத்தைப் பார்த்தபோது போய்விட்டது.

பழைய படிவம் இப்போது செல்லாது, மாதிரி மாறிவிட்டது. புதிய படிவம் என்னுடைய மேசை லாச்சியில் இருந்தது. இப்படியான சமயங்களுக்கென்று எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருப்பேன். நண்பர் விமானம் ஏறுமுன் கையொப்பமிட்டார். மிச்சத்தை நானே நிரப்பினேன். வாங்குபவர் என்ற இடத்தில் அவர் தன் பெயரை எழுத எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டேன்.

இனி எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பூட்டவில்லை. தட்டு பிரேக்கும் நல்ல ஸ்ரியரிங்கும் சாக்குக்குள் கிடந்தன. பழைய இழுவை ஜீப்பை அவர் தோள் நோக ஓட்டினார். இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கேட்டேன். "இப்ப உங்கடை சாமான்தானே அண்ணை. பூட்டலாந்தானே?"

"பூட்டலாம். முந்தி ஒண்டைக் கழற்றினா அது அவனுக்கெண்டு எடுத்து வைச்சனான். இப்ப கழற்றினா ஆருக்கெண்டு எடுத்து வைக்கிறது?"

நான் சாக்கின் வாயை மடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கார்த்திகையில் ஒருநாள் காலை மழை விட்டிருந்தது. சைக்கிளில் நெல்லியடிக்குப் போனபோது, வெல்டிங் கடை வாசலில் அந்த ஜீப் நின்றது. அவர் பக்கத்தில் நின்றார். இடது பக்கக் கதவின் கீழே, சட்டத்தோடு ஒட்டிப் பிடித்தபடி, கடைக்காரன் ஒரு இரும்புப் படியை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான்.

அவருடைய மனைவிக்கு அந்த ஜீப் உயரம். முழங்கால் விடாது. அதனால் இவ்வளவு காலமும் சந்நிதிக்குப் போவதென்றால் அந்த மனிசி பஸ்ஸில் போகும். இவர் ஜீப்பில் போய்க் கோயில் வாசலில் காத்துக்கொண்டு நிற்பார். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் ஒன்றும் நினைத்ததில்லை. நான் உட்பட.

"ஐயா, போல்ட் போட்டுத் தரட்டோ?" என்று கடைக்காரன் கேட்டான். "பிறகு வேண்டாமெண்டாக் கழற்றலாம்."

அவர் படியைப் பார்த்தார். ஜீப்பின் அடிச்சட்டத்தைக் கையால் தடவினார்.

"வேண்டாம். ஒட்டு."

கடைக்காரன் முகக்கவசத்தை இறக்கினான். நான் கண்ணை மறைத்துக்கொண்டு திரும்பி நின்றேன். அவரையும் திரும்பச் சொன்னேன், கண்ணுக்குக் கூடாது என்று. அவர் கையை நெற்றியில் வைத்துத் தலையைக் குனிந்தாரே தவிரத் திரும்பவில்லை.

வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, நான் சைக்கிளில் வந்து சேர்ந்ததும், "இஞ்சை வாரும் ஒருக்கா" என்று கூப்பிட்டார். மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவரைப் பார்க்கவில்லை.

"உது இறுகித்தான் கிடக்குதோ? என்னைத் தூக்கி எறியாதே?"

"ஏறிப் பாருமன்."

ஒரு காலை வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் உன்னிப் பார்த்தார். படி அசையவில்லை. உள்ளே ஏறி இருக்க அதற்குமேல் ஒரு எட்டுத்தான். ஆனால் அவர் உடனே ஏறவில்லை. ஒழுங்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு, அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.